சுவா சுற்றில் இரட்டைச் சுருள் வராதபோது

லியோன் சுவா 1983இல் வடிவமைத்த ஒழுங்கின்மைச் சுற்றை தக்கலையில் என் வீட்டு மேசையில் அமைத்தேன். விதிப்படி ஓடினாலும் ஒருமுறை போன வழியில் மறுமுறை போகாத அலைவு (கேயாஸ்) இதில் பிறக்கும்; திரையில் அது ஒட்டிய இரண்டு சுருள்களாகத் தெரிய வேண்டும். டிஎல்082 ஆப்-ஆம்ப் (மின்னலையைப் பெருக்கும்) ஐசி, 10, 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள், 18 மில்லிஹென்றி காயில், 2 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் மின்தடை), இரண்டு 9 வோல்ட் பேட்டரி. நம் திருச்சியின் இயற்பியலாளர்கள் முரளியும் லட்சுமணனும் சுவாவுடன் சேர்ந்து 1994இல் இதைவிட எளிய சுற்று ஒன்றைத் தந்தவர்கள். அந்தப் பெருமைதான் என்னை இதில் இழுத்தது.

ஆனால் ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் (இரண்டு மின்னழுத்தங்களை ஒன்றுக்கொன்று எதிராக வரைய) வைத்தால் ஒரு புள்ளி மட்டுமே. பாட்டைத் திருகினால் சட்டென்று பெரிய வளையம். நடுவே எதுவுமே இல்லை.

ஐசியை மாற்றினேன், சால்டரைத் திரும்ப வைத்தேன். இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள் இரவு, வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, நாகர்கோவிலில் வாங்கிய காயிலைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 85 ஓம்! மெல்லிய கம்பியில் சுற்றியது. இந்தச் சுற்றுக்குப் பத்துப் பதினைந்து ஓம்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் அலைவின் ஆற்றலைக் காயிலே தின்றுவிடும்.

சரி, காயிலே வேண்டாம் என்று ஜைரேட்டர் (காயில் போல நடிக்கும் ஐசி சுற்று) போட்டேன். இன்னொரு டிஎல்082, மூன்று 1 கிலோ ஓம் மின்தடை, ஒரு 1.8 கிலோ ஓம், ஒரு 10 நானோஃபாரட்: கணக்குப் போட்டால் அதே 18 மில்லிஹென்றி. கார்பன் பாட்டையும் எடுத்துவிட்டுப் பல சுற்று டிரிம்பாட் வைத்தேன்.

மின்தடையை மெதுவாகக் குறைத்தேன். வளையம் இரண்டானது, நான்கானது, அப்புறம் ஒற்றைச் சுருள். 1.8 கிலோ ஓம் பக்கத்தில், இரண்டு முறுக்கை ஒட்டி வைத்தது போல, பச்சை ஒளியில் இரட்டைச் சுருள்.