சுவரை இடிக்கும் முன் டேப் எடுங்கள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் பழைய அபார்ட்மென்ட் வாங்கி, சமையலறைச் சுவரை எடுத்து ஹாலோடு சேர்க்கலாம் என்று நினைக்கிறீர்களா? சரி, முதலில் வாசல் நிலைப் பக்கம் டேப் வைத்துச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு 5, 6 அங்குலம் என்றால் பெரும்பாலும் வெறும் தடுப்புச் சுவர்தான்; 9 அங்குலத்துக்கு மேல் இருந்து, தூண் இல்லாத பழைய கட்டடமாகவும் இருந்தால், மேல்மாடிப் பாரமே அதன் மேல் நிற்கலாம், கொத்தனார் "அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் சம்மட்டி படக்கூடாது.

குளியலறையை மட்டும் இடம் மாற்றாதீர்கள். கழிவுக் குழாய்க்கு வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) கிடைப்பது கஷ்டம், கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்கினால் அப்புறம் தினமும் பஞ்சாயத்துதான். இருக்கிற இடத்திலேயே புதுப்பித்தாலும், டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறைத் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழே போய்ப் பார்த்துவிடுங்கள்.