ஐரிஷ் பாட்டின் பூர்வீகம் தேடுகிறீர்களா?

முதலில் மெட்டையும் வரிகளையும் தனித்தனியாகத் தேடுங்கள். பல பாட்டுகளில் இரண்டுக்கும் வயதே வேறு. 'டேனி பாய்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு, வட அயர்லாந்தின் லிமவாடி ஊர் ஜேன் ராஸ் சேகரித்துக் கொடுத்தது. அதை இசைத் தொகுப்பாளர் ஜார்ஜ் பெட்ரி 1855-இல் அச்சிட்டார். வரிகள் வெளியானது 1913-இல். எழுதியவர் ஃபிரெடெரிக் வெதர்லி, ஓர் ஆங்கிலேய வக்கீல்!

தலைப்பை வைத்துத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்; ஒரே பாட்டுக்கு ஊருக்கொரு பெயர். அதற்குத்தான் ரவுட் எண். ஸ்டீவ் ரவுட் தொகுத்த நாட்டுப்பாட்டு அட்டவணையில் ஒரு பாட்டின் எல்லா வடிவங்களும் ஒரே எண்ணில் அடங்கும். 'வைல்ட் ரோவர்' என்றால் 1173. லண்டன் வாகன் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். யார் பாடியது, எங்கே, எப்போது பதிவானது என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் இது ஆங்கில மொழிப் பாட்டுகளுக்குத்தான். ஐரிஷ் மொழிப் பாட்டு, வாத்திய மெட்டு என்றால் டப்ளினில் உள்ள ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகம்தான் சரி.

அப்புறம், பழைய பாட்டு மாதிரி ஒலிக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை' 1840-களின் அயர்லாந்துப் பஞ்சகாலக் கதையைச் சொல்லும். பீட் செயின்ட் ஜான் அதை எழுதியதோ 1970-களில்.