அக்பர் சக்கரவர்த்தி பேராதனைக்கு வந்தாரா? கம்பஸ் கட்டிடங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

“டீச்சர், அக்பர் சக்கரவர்த்தி இங்கேயும் வந்தவரா?”

மகாவலி ஆற்றுக்கு மேலே பாலத்தில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை கேட்டாள். நாங்கள் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில், அக்பர் விடுதி என்ற மாணவர் விடுதியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். அவளுக்குத் தெரிந்த ஒரே அக்பர் மொகலாய அக்பர்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களிடம் “சரி, அப்போ இது எந்த அக்பர்?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒழுங்காகக் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நான் மட்டக்களப்பில் வரலாறு படிப்பிக்கிறேன். தொண்ணூறுகளில் பேராதனையில் படித்தபோது சங்கமித்தா விடுதியில் இருந்தேன். உயர்தரப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பல பாடசாலைகள் இப்படி வருவதைப் பார்க்கிறேன். செனட் கட்டிடத்துக்கு முன்னால் ஒரு படம், ஆற்றங்கரையில் ஒரு நடை, பூந்தோட்டம், பிறகு பஸ். பெயர்ப்பலகைகளைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். இந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் வருவதற்கு யார் யார் பாடுபட்டார்கள் என்பது அந்தப் பலகைகளில்தான் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்காகவும், தனியாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்காகவும் நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். ஒரு கொப்பி எடுத்து ஒரு பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, மார்ஸ், ஜேம்ஸ் பீரிஸ், விஜேவர்தன, மார்க்கஸ் பெர்னாண்டோ, அக்பர், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கேள்வி எழுதுங்கள். ஆள் யார்? பிறந்தது, இறந்தது எப்போது? இந்தப் பெயர் ஏன் இங்கே வந்தது? முதல் இரண்டுக்கும் நூலகத்தில் அரை மணித்தியாலத்தில் பதில் கிடைக்கும். மூன்றாவதுதான் வேலை வாங்கும், பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதும் அதைத்தான்.

ஆண்டுகளை எழுதி வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் சில வருடங்கள் நான் “அருணாசலம் அண்ணன், இராமநாதன் தம்பி” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை கூட வந்த ஒரு பிள்ளையின் அப்பப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மகள், இராமநாதன் துரைதான் மூத்தவர்” என்றார். அவர் சொன்னது சரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1851இல் பிறந்தவர், சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853இல். எத்தனை பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லி அனுப்பியிருப்பேன் என்று அன்றிரவு நித்திரையே வரவில்லை. அதற்குப் பிறகு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் பார்க்காத எதையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

அடுத்தது, பெயர்களை எந்த ஒழுங்கில் சொல்வது என்பது. கம்பஸுக்குப் பக்கத்துக் கலஹா சந்தியில் இறங்கி நடந்தால் விடுதிகள் அவை கட்டப்பட்ட இடத்தின்படி வரும், கதையின்படி வராது. அதனால் பஸ்ஸுக்குள்ளேயே கதையை முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்வது இப்படித்தான்.

1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் அருணாசலம். அந்தக் காலத்தில் இங்கே ஒரு பட்டம் எடுப்பதென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பிள்ளைகள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைதான் எழுதினார்கள். அந்தக் கல்லூரியின் முதல் அதிபர் றொபர்ட் மார்ஸ். மார்ஸ் விடுதி என்றதும் செவ்வாய்க் கிரகத்தை நினைக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். இந்த இடத்தில் அதைத் தீர்த்துவிடலாம். அருணாசலம் 1924இல் காலமானார். கல்லூரியைக் கண்டார், பல்கலைக்கழகத்தைக் காணவில்லை. அவருடைய பெயர் உள்ள பலகைக்கு முன்னால் நிற்கும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் வந்தது இடச் சண்டை. பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இருப்பதா, கண்டிப் பக்கம் போவதா? இது வருடக்கணக்காக இழுபட்டது. மாணவர்கள் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம், மலைநாட்டில், நகரத்துச் சத்தத்துக்கு வெளியே என்று வாதாடிய பக்கத்தில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் லேக் ஹவுஸ் பத்திரிகைகளை நடத்திய டி. ஆர். விஜேவர்தன. 1932இல் வெளிவரத் தொடங்கிய நம்முடைய ‘தினகரன்’ பத்திரிகையும் அவருடைய நிறுவனத்தினுடையதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றவர் உயர் நீதிமன்ற நீதியரசர் எம். ரி. அக்பர், இலங்கை மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். பாலத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இவர்தான். டில்லிக்கும் இந்த விடுதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சங்கமித்தா மட்டும் வேறு கதை. அந்தப் பெயர் உண்மையிலேயே ஒரு சக்கரவர்த்தியின் மகளுடையது. அசோகனின் மகள், வெள்ளரசுக் கிளையை அனுராதபுரத்துக்குக் கொண்டுவந்தவள். ஒரே வளாகத்தில் அக்பர் சக்கரவர்த்தி அல்ல, சங்கமித்தை இளவரசிதான். பெயரைக் கண்டவுடன் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை வழியாக வருகிறவர்களுக்கு இன்னுமொரு வசதி உண்டு. பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏறி, தெல்தெனிய, திகன, குண்டசாலை தாண்டி வருகிற அந்த நிலம்தான் தும்பறைப் பள்ளத்தாக்கு. பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டத்தில் யோசிக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “கம்பஸ் இங்கே வந்திருக்கவும் கூடும்” என்று சொல்லுங்கள். நித்திரை கொள்கிறவர்களும் எழும்பிப் பார்ப்பார்கள்.

கம்பஸுக்குள் போனதும் முதலில் செனட் கட்டிடம். தூண்களையும் கூரையையும் பார்த்தால் கண்டி அரசர் காலத்து அரசவை மண்டபமான மகுல் மடுவ ஞாபகம் வரும். படியடியில் சந்திரவட்டக்கல்லை, அதாவது அரைவட்டமாகச் செதுக்கிய கல்லை, தேடச் சொல்லுங்கள். பிறகு, “இதற்கு எத்தனை வயது?” என்று கேளுங்கள். முந்நூறு, நானூறு என்று பதில் வரும். பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இங்கே மாறியதே 1952இல்தான். திட்டத்தை வகுத்தவர்கள் சேர் பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும். அதைக் கட்டிடங்களாக்கிய கட்டிடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். பழைய கண்டி, அனுராதபுர வேலைப்பாட்டைப் புதிய கட்டிடத்தில் வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். தோற்றத்தை வைத்து வயது சொல்லக் கூடாது என்பதை வகுப்பில் நூறு தடவை சொன்னாலும் ஏறாது. இங்கே ஒருமுறை நின்றால் ஏறிவிடும். டி அல்விஸுக்கு வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதையும் காட்டாமல் திரும்பாதீர்கள், கட்டியவர்களின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை.

கல்வெட்டு, அடிக்கல், திறப்புவிழாக் கல் எல்லாவற்றையும் வாசிக்கப் பழக்க வேண்டும். மழையும் பாசியும் எழுத்தைத் தின்றிருக்கும். சோக்கட்டி பூசுவது, கரி தேய்ப்பது, தண்ணீர் ஊற்றி உரஞ்சுவது எல்லாம் வேண்டாம், கல் பழுதாகும். கைத்தொலைபேசி டோர்ச்சை எழுத்துக்கு நேரே பிடிக்காமல் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். ஒருநாள் பின்னேரம் ஒரு சுவரடிக் கல்லில் ஒரு இலக்கம் ஐந்தா ஆறா என்று பத்து நிமிடம் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். ஒருத்தி குந்தியிருந்து டோர்ச்சை இடது பக்கத்தில் வைத்தாள். ஐந்தின் மேற்கோடு மெல்லிய நிழலாக எழும்பி வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை, விரலால் மட்டும் அந்தக் கோட்டைக் காட்டினாள். வெளிச்சத்தை வலது பக்கமும் மேல் பக்கமும் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கொப்பியில் எழுதவிட்டேன்.

கல்லில் இருக்கிற திகதியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் விழா நடந்த நாள். பேராதனையை எடின்பரோ கோமகன் அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தது 1954 ஏப்ரல் 20இல், எலிசபெத் மகாராணியும் கூட இருந்தார். 1952 முதலே பிள்ளைகள் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு திகதியும் சரிதான், கேள்விதான் வேறு. “எப்போது திறந்தார்கள்?” என்பதையும் “எப்போது தொடங்கியது?” என்பதையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள்.

பழைய பலகை, முத்திரை, சான்றிதழ் கையில் கிடைத்தால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பாருங்கள், காலம் தானாகத் தெரியும். 1942 ஜூலை 1இல் கொழும்பில் தொடங்கியது ‘யுனிவர்சிற்றி ஒஃப் சிலோன்’. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கி ‘யுனிவர்சிற்றி ஒஃப் ஸ்ரீலங்கா’ என்றார்கள். பேராதனை அதன் ஒரு வளாகமாயிற்று. 1979 முதல் பேராதனைப் பல்கலைக்கழகம். தமிழில் எழுதும்போது சிலோனும் இலங்கைதான், ஸ்ரீலங்காவும் பெரும்பாலும் இலங்கைதான். தமிழ் வரியை மட்டும் பார்த்தால் முப்பது வருட வித்தியாசம் கண்ணில் படாது, ஆகவே ஆங்கில வரியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆட்களிடம் கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். “இந்தக் கட்டிடத்தின் வரலாறு என்ன?” என்று கன்டீன்காரரிடமோ தோட்ட வேலை செய்கிற ஐயாவிடமோ கேட்டால், “தெரியாது மகள், உள்ளே போய்க் கேளுங்கள்” என்றுதான் வரும். “முந்தி இதை என்னவென்று கூப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். அப்போது கதை வரும். திறந்தவெளி அரங்குக்குச் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயர். அவருடைய ‘சிங்கபாகு’ நாடகம் 1961இல் முதலில் மேடையேறியது அங்கேதான். ஆனால் கம்பஸில் எல்லோருக்கும் அது ‘வல’, சிங்களத்தில் குழி என்று அர்த்தம். மேலே நின்று பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். பக்கத்து ரயில் தரிப்பிடம் ‘சரசவி உயன’. சரசவி என்பது நம்முடைய சரசுவதிதான், உயன என்றால் பூங்கா.

கேட்ட கதையைச் சரிபார்க்கவும் வேண்டும். ஐம்பதுகளில் பேராதனையில் பொறியியல் படித்ததாக யாரும் சொன்னால், மரியாதையோடு இன்னொருமுறை ஆண்டைக் கேளுங்கள். பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்தது. ஈ. ஓ. ஈ. பெரேரா அரங்கின் பெயர் அந்தப் பீடத்தின் முதல் பீடாதிபதியுடையது.

பெயர்ப்பலகையில் இல்லாததையும் நான் விடுவதில்லை, இது என்னுடைய சொந்தப் பிடிவாதம். அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடி என்ற நாட்டுக்கூத்தை இங்கே கொண்டுவந்து மாணவர்களைப் பழக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கூத்தை ஊரில் வட்டக்களரி என்ற வட்ட அரங்கில் மட்டும் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, அது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாகவும் பயிற்சியாகவும் ஆனது இந்த மண்ணில்தான் என்று சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு பெடியன் அந்த இடத்திலேயே தாளக்கட்டு சொல்லத் தொடங்கிவிட்டான். போகிற வருகிற சிங்களப் பிள்ளைகளும் நின்று கேட்டார்கள்.

நேரம் இருந்தால் மேட்டுக்கு ஏறிக் குறிஞ்சிக் குமரனையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள். மலைநிலம் குறிஞ்சி, அதன் தெய்வம் முருகன் என்று பாடத்தில் படித்ததைக் கோயிலின் பெயராகவே அங்கே காணலாம். விளக்கமே தேவைப்படாது.

நடைமுறை விஷயங்கள் சில. முன்கூட்டியே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி எடுங்கள். விடுதிகளுக்குள் போக முடியாது, அவை பிள்ளைகள் வாழ்கிற இடம். வாசலுக்கு வெளியே நின்றே பேசுங்கள், யன்னல்களைப் படம் எடுக்க விடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெயரைப் பொறுப்புக் கொடுத்து, அந்தப் பலகைக்கு முன்னால் அந்தப் பிள்ளையே பேசட்டும், இரண்டு நிமிடம் போதும். மழைக்காலமென்றால் ஹந்தானை மலைப் பக்கம் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும், அதற்காகச் சவர்க்காரத் துண்டு ஒன்றைப் பையில் வையுங்கள். பகல் சோறு பார்சலை ஆற்றங்கரையில் சாப்பிட்டால் லஞ்ச் ஷீட்டை எண்ணிப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பின்னேரம் மூன்று மணிக்கு மேல் நிற்க வேண்டாம். கொப்பிகளை பஸ்ஸுக்குள் மாற்றி வாசிக்கச் சொல்லலாம், அதற்கு நேரம் இருக்கிறது. பதினெட்டு வளைவை இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும்.