பகடை விழுவதற்கு முன்னால் பேசுங்கள்

வீடு தமிழ்நாட்டுப் புளியரையில், பிழைப்பு எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில். கேரள லாட்டரி விற்கிறேன். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஆட்கள் மலையேறி வந்துதான் சீட்டு வாங்குகிறார்கள். நீட்டும்போதே சொல்லிவிடுவேன்: "அண்ணாச்சி, பின்னால பேரெழுதி கையெழுத்துப் போட்டுருங்க." குலுக்கல் முடிந்தபிறகு ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால், கையெழுத்து இல்லாதவன் வாயால் எவ்வளவு கத்தினாலும் செல்லாது.

இந்தக் கடைக்கு முன்னால் ஆறு வருடம் ஒரு சுற்றுலாக் கப்பலின் கேசினோவில் கிராப்ஸ் மேஜை டீலராக நின்றவன் நான். கிராப்ஸ் என்றால் இரண்டு பகடையை உருட்டி, விழும் கூட்டுத்தொகை மேல் பந்தயம் கட்டும் ஆட்டம்; பந்தயத்தை வாங்கி வைத்து, ஜெயித்தவருக்குப் பணம் கொடுப்பவர் டீலர். இப்போது அக்கா மகன் வேலை விஷயமாக லாஸ் வேகாஸ் போகிறான். "மாமா, டீலர் ஏமாத்திட்டா என்ன செய்ய?" என்று கேட்டான். டீலர் எதற்கடா ஏமாற்றப்போகிறான், அந்தக் காசு அவன் பைக்கா போகிறது? அங்கே நடக்கும் தகராறில் முக்கால்வாசி காதுப்பிழை. அதற்கு வழி இருக்கிறது.

முதலில், காசையோ, காசுக்குப் பதிலாக ஆடும் வில்லையான சிப்பையோ டீலரின் கையில் கொடுக்காதீர்கள், வாங்கமாட்டார். மேஜைத் துணியின் மேல் வைத்து, எந்த எண், எத்தனை டாலர் என்று சொல்லுங்கள். டீலர் அதைத் திருப்பிச் சொல்வார். அந்தத் திருப்பிச் சொல்லுதல்தான் உங்கள் ரசீது. அது காதில் விழாதவரை பந்தயம் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பகடை கிளம்பியபிறகு வைத்தால் "நோ பெட்" என்பார். அதன்பிறகு எண் விழுந்தாலும் கேட்க முடியாது, நஷ்டமும் இல்லை.

இந்த ரசீதைக் கவனிக்காமல் விட்ட ஒருவரை மறக்கவே முடியாது. ஒரு ராத்திரி மேஜையைச் சுற்றி ஒரே கூச்சல். 25 டாலர் சிப்பை வைத்து "ஃபைவ்" என்றார். எனக்கு "நைன்" என்று கேட்டது. ஒன்பதில் வைத்து, சத்தமாகவும் சொன்னேன். அவர் பக்கத்து ஆளோடு பேச்சில் இருந்தார். விழுந்தது ஐந்து. மனிதர் கத்தவில்லை. அடுத்த பகடைக்குள் கையைத் தூக்கி, "நான் ஐந்து கேட்டேன்" என்றார். நடுவில் உட்கார்ந்து சிப்புகளைக் காக்கும் பாக்ஸ்மேன் என் முகத்தைப் பார்த்தார். அப்படிக் கேட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்துக்குரிய 35 டாலரைக் கொடுக்கச் சொல்லிவிட்டார், இந்த ஒரு தடவைக்கு என்று. அதே வாரம் இன்னொருவர், இதேபோல ஒரு குழப்பத்தில், சிப்பைத் தானே எடுத்துச் சரியான எண்ணுக்கு நகர்த்தினார். அவர் சொன்னது நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் பகடை விழுந்தபிறகு பந்தயத்தைத் தொட்டால் எந்த மேஜையிலும் அது திருட்டுக் கணக்கு. காவலர் வந்து கூட்டிப்போனார். கையைக் கட்டிக்கொண்டு பேசுங்கள்.

பதினொன்றை "யோ" என்று சொல்வதும் இந்தக் காதுப்பிழைக்குப் பயந்துதான். வெறும் "லெவன்" என்றால் "செவன்" மாதிரிக் கேட்கும். நம் உச்சரிப்புக்குக் கேட்கவே வேண்டாம், கூடவே விரலையும் காட்டுங்கள்.

தகராறு போலத் தெரிந்து கணக்காக முடிவதும் உண்டு. ஏழு விழுவதற்கு முன்னால் நாம் சொன்ன எண் விழும் என்று கட்டுவது பிளேஸ் பந்தயம். ஆறிலோ எட்டிலோ வைக்கும் பிளேஸ் பந்தயத்துக்கு 6க்கு 7 தருவார்கள். 12 டாலர் வைத்தால் 14 வரும். 10 டாலர் வைத்தவருக்கு 11தான் வரும். மிச்சச் சில்லறையை மேஜை விழுங்கிவிடும். அது டீலரின் தப்பில்லை, ஆறின் மடங்கில் வைக்காதவரின் தப்பு. பகடை உருட்டுபவர் ஜெயிப்பார் என்று கட்டும் பாஸ் லைன் பந்தயத்தை, அவர் மறுபடி விழவைக்க வேண்டிய எண்ணான பாயின்ட் நிலைத்தபிறகு எடுக்க முடியாது என்பதற்கும் நிறையப் பேர் சண்டை போடுவார்கள். அது விதி, விட்டுவிடுங்கள். ஜெயித்த பணத்தைப் பாஸ் லைனிலேயே விட்டுவைத்தால் அடுத்த ஆட்டத்துக்கும் அதுவே பந்தயம். இதில் தோற்றவர்கள் அழுததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பந்தயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வாயால் "ஆஃப்" என்று சொன்னால் மட்டும் போதாது. மேலே உள்ள கேமராவில் பெரும்பாலும் படம்தான் இருக்கும், பேச்சு இருக்காது. "ஆஃப்" என்று எழுதிய சின்ன வில்லையைச் சிப்பின் மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது படத்தில் தெரியும்.

சரி, இத்தனைக்கும் மீறி பெரிய தொகை மாட்டிக்கொண்டால்? உடனே, அடுத்த பகடைக்குள், பகடையை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு சுற்று தள்ளி ஞாபகம் வந்தால் சிப்புகள் இடம் மாறியிருக்கும், யாராலும் சரிபார்க்க முடியாது. பாக்ஸ்மேன் முடிவு பிடிக்காவிட்டால் தளக் கண்காணிப்பாளரை அழைத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். நேரம், மேஜையில் நீங்கள் நிற்கும் இடம், சிப்பின் நிறம், எத்தனை, எந்தக் கட்டத்தில் என்று சொன்னால் அவர்களுக்குத் தேடுவது சுலபம். டீலரைத் திட்டினால் உங்கள் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ என்றால், கேசினோவே நெவாடா கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், வாரிய விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதை அவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த கப்பலில் அப்படி எந்த வாரியமும் வந்து பார்த்ததில்லை. கடைசி வார்த்தை கேசினோ மேலாளருடையது.

மருமகனிடம் எல்லாம் சொல்லி முடித்ததும், "அப்போ ஜெயிக்க என்ன வழி மாமா?" என்றான். ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் போடப் போனவனிடம் பேனாவையும் நீட்டினேன்.