மட்டக்களப்பு நகர வாவியில் தூண்டில் போடுதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தடியிலும், தங்கூசி எனப்படும் தூண்டில் நூலிலும் இருந்துதான் தொடங்குவார்கள். மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய வாவிக்கு அந்த வரிசை பொருந்தாது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவிக்குள் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் வயல் நீர் களைநாசினியையும் பசளையையும் சுமந்துகொண்டு வந்து சேர்கிறது. புளியந்தீவையும் கோட்டமுனையையும் கல்லடியையும் தொட்டுச் செல்லும் பகுதியில் நகர வடிகான்களின் நீரும் வீட்டுக் கழிவும் பிளாஸ்டிக்கும் நீண்ட காலமாகக் கலந்து வந்திருக்கின்றன. எனவே எந்த நீரில் போடுவது, பிடித்ததில் எதைச் சட்டிக்குக் கொண்டுபோவது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு கருவியை வாங்குவதே முறை.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நீர் எங்கே புதுப்பிக்கப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு: ஒன்று பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரம், மற்றையது தெற்கே கல்லாறு. கடல்நீர் வாவிக்குள் வரும் காலத்தில் முகத்துவாரத்தை நெருங்கிய பகுதிகளில் கழிவு ஓரளவு அலசப்படுகிறது. அதற்கு மாறாக, நகரத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மூலைகளிலும் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை மண்டிய கரைகளிலும் நீர் அசையாமல் நிற்பதால், அங்கே விழுந்தது அங்கேயே அடியில் படிகிறது. வடிகான் வாய்களுக்கும் சந்தைக் கழிவு சேரும் கரைகளுக்கும் பக்கத்தில் மீன் கூடுதலாகத் திரியும் என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான், அங்கே இரை கிடைக்கிறது. அந்த மீன் எதைத் தின்று கொழுத்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடத்தைக் கைவிடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பாலங்களின் அருகில் நீரோட்டம் இருப்பதால் அவை நல்ல இடங்கள். கல்லடியில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. வாகனங்கள் செல்லும் பாலத்தின் மேல் நின்று தூண்டில் எறிவது பின்னால் வருபவரின் முகத்தில் தூண்டில் முள்ளை ஏற்றிவிடக் கூடும் என்பதால், புதியவர்கள் கரையில் நிற்பதே நல்லது. தோணியில் வலை போடுபவர்களின் பாதைக்குள் தூண்டிலைப் போடாதீர்கள். அந்த வாவி அவர்களுடைய சீவனோபாயம். முதல் நாள் அவர்களில் வயதான ஓர் அண்ணனிடம், "இந்தப் பக்கம் போடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால், இடத்தோடு சேர்த்து முதலை நடமாட்டம் பற்றிய செய்தியும் கிடைக்கும். வாவியில் முதலைகள் உண்டு. ஆகையால் புதர் அடர்ந்த கரையிலும், இருட்டிய பிறகும், முழங்காலளவு நீருக்குள் இறங்கி நிற்க வேண்டாம்.

படி 2: காலத்தைப் பார்த்தல்

ஐப்பசியில் வாடை மழை தொடங்கும்போது, மாதக்கணக்கில் தெருவிலும் வடிகானிலும் தேங்கிய அழுக்கு முழுவதையும் முதல் வெள்ளம் ஒரேயடியாக வாவிக்குள் தள்ளுகிறது. பெரும்போக விதைப்பும் அக்காலத்திலேயே நடப்பதால் வயல் மருந்தும் அதனோடு வருகிறது. முதல் பெருமழைக்குப் பின் ஒரு வாரமேனும் தூண்டிலைச் சுருட்டி வைத்திருங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கரை வசதியாக இருக்கும். ஆனால் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் நீர் சூடேறித் தேங்கும், அப்போது அடுத்த படியில் சொல்லும் சோதனை மிக அவசியமாகிறது.

ஒரு நாளுக்குள் பார்த்தால், விடிந்து சிறிது நேரம் கழித்தும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும் மீன் நன்றாகக் கடிக்கும். சித்திரைக்குப் பிந்திய பௌர்ணமி இரவுகளில் பாடும் மீன்களை, அதாவது நீருக்கடியிலிருந்து எழும் இசைபோன்ற ஒலியை, கேட்கப் பாலத்தடிக்கு வருபவர்கள் உண்டு. தூண்டில்காரருக்கு அந்த இரவுகளால் பெரிய இலாபம் இல்லை.

படி 3: நீரைச் சோதித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தூண்டிலைப் பிரிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று நிறம், மணம், மீனின் நடத்தை ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

நீரின் மேல் பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல ஒரு படலம் இருந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்தப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. எண்ணெய்ப் படலமோ மலக்கழிவின் மணமோ இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கரை வேண்டாம். மீன்கள் வாயைப் பிளந்தபடி நீர்மட்டத்தில் மிதந்து மூச்சு வாங்கினால், நீரில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று பொருள். பாசி மிகுந்த நீரில் இரவு முழுவதும் பாசியும் பிற உயிர்களும் ஒட்சிசனைச் செலவழிப்பதால், விடியும் வேளையில் அது மிகக் குறைந்த அளவுக்கு இறங்குகிறது. சூடான நீரும் உப்பு மிகுந்த நீரும் இயல்பிலேயே குறைந்த ஒட்சிசனைத்தான் தாங்கும். இப்படி மயங்கிய மீனையும் செத்துக் கரையொதுங்கிய மீனையும் கையால் அள்ளுவது எளிது. எவ்வளவு பெரிய கொடுவாவாக இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது.

படி 4: கருவிகள்

தொடக்கத்துக்கு விலையுயர்ந்த றீல் தேவையில்லை. ஒரு வெற்றுப் போத்தலில் சுற்றிய முப்பது மீற்றர் மெல்லிய தங்கூசி, சில சிறிய தூண்டில் முட்கள், ஒரு மிதவை, சிறிய ஈயக் குண்டுகள் ஆகியவை போதும். மூங்கில் தடி கிடைத்தால் கரையிலிருந்து திலாப்பியாவும் மடவையும் பிடிக்க அதுவே தாராளம். முள்ளின் கண்ணுக்குள் தங்கூசியைக் கோத்து, வந்த நுனியை நீண்ட பகுதியின் மேல் ஐந்தாறு முறை சுற்றி, கண்ணருகே உருவான வளையத்துக்குள் அந்த நுனியை விட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலவீனமாகிவிடும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஈயம் நஞ்சு, அதற்குக் குறடு இருக்கிறது.

இரைக்குப் பாண் துண்டையோ கோதுமை மாவுப் பிசைவையோ வைத்தால் திலாப்பியாவும் மடவையும் வரும். கெளிற்றுக்கு மண்புழுவும் இறால் துண்டும் பொருந்தும். கொடுவா உயிருள்ள இறாலைத்தான் பெரிதும் விரும்பும், அதற்கு முள்ளும் தங்கூசியும் தடிப்பாக இருக்க வேண்டும்.

படி 5: போடுதலும் கழற்றுதலும்

இரை அடிச்சேற்றைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே நிற்கும்படி மிதவையை நகர்த்திக் கட்டுங்கள். சேற்றில் கிடக்கும் இரை ஆற்றுவாழை வேரிலும் பிளாஸ்டிக்கிலும் சிக்கிக்கொள்ளும். மிதவை நடுங்கும்போது பொறுத்திருந்து, அது ஒரு பக்கமாக இழுபட்டுத் தாழும்போது மணிக்கட்டை மட்டும் அசைத்து இழுக்க வேண்டும். தோள் வரை வீசி இழுப்பவர்கள் மீனின் உதட்டைக் கிழித்து இழந்துவிடுவார்கள்.

ஈரத் துணியால் மீனைப் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். கெளிற்றின் பக்க முட்களும் ஓராவின் முதுகு முட்களும் நஞ்சுள்ளவை. குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி தணியும்; வீக்கம் ஏறினால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கையிலோ காலிலோ திறந்த புண் உள்ளவர்கள் வெள்ள காலத்தில் இந்த நீரைத் தொடாமல் இருப்பது நல்லது, ஏனெனில் எலிக்காய்ச்சல் அந்த வழியாகவே உடலுக்குள் புகுகிறது. வயிற்றை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் கொழுவினால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். அதன் நஞ்சைச் சமையல் போக்காது, அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

படி 6: எதை உண்பது, எப்படி வெட்டுவது

பாதரசம் போன்ற உலோகங்கள் சிறிய உயிரிலிருந்து அதைத் தின்னும் மீனுக்கும், அந்த மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிச் சேர்கின்றன. அதனால் ஒரே நீரில் பிடித்த சிறிய மடவையைவிட, பல ஆண்டுகள் வாழ்ந்து பிற மீன்களைத் தின்ற பெரிய கொடுவாவிலேயே அவை கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஊரில் பெருமை பெரிய மீனுக்குத்தான். நகரக் கரையில் பிடித்ததென்றால், படம் எடுத்துவிட்டுப் பெரியதை விட்டுவிட்டு, நடுத்தர அளவுள்ளதை வைத்துக்கொள்வதே என் முறை. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதி மீனைக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பானது. நகரக் கரையில் பொறுக்கிய மட்டியை எவரும் உண்ண வேண்டாம், அது நீரை வடிகட்டித் தின்பதால் கிருமியையும் உலோகத்தையும் தன்னுள் திரட்டி வைத்திருக்கும்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் இடுங்கள். கரையில் வாவி நீரால் கழுவ வேண்டாம். வீட்டில் குழாய் நீரால் கழுவி, குடல், ஈரல், முட்டைப்பை, வயிற்றோரக் கொழுப்பு, தோல் அனைத்தையும் நீக்குங்கள். தலையைச் சொதிக்குப் போடுவது நம் வீடுகளில் வழக்கம் என்றாலும், இந்த மீனுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். கொழுப்பில் தங்கும் நஞ்சுகள் இவ்வாறு வெட்டுவதால் குறையும். சதைக்குள் ஊறிய பாதரசம் குறையாது, அதை நெருப்பும் புளியும் எடுத்துவிடாது. கருவாடு போட்டால் நீர் மட்டுமே வற்றும், உலோகம் அப்படியே எஞ்சும். கிருமிகளைப் பொறுத்தவரை, சதை முழுவதும் வெண்மையாகி முள்ளிலிருந்து எளிதில் பிரியும்வரை வேகவைத்தால் போதுமானது.

கழிவைச் சொப்பிங் பையில் கட்டி மீண்டும் வாவிக்குள் எறியாமல் வளவில் ஆழமாகப் புதையுங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டால் நீர்க்காகத்தின் காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால், அதையும் போத்தலிலேயே சுற்றி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.