பழைய விசா மறுப்புகளோடு கனடா ஸ்பொன்சர் விண்ணப்பம்: எங்கிருந்து தொடங்குவது?

புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு கனடா ஸ்பொன்சர் விண்ணப்பத்தை (கனடாவில் இருக்கும் கணவனோ மனைவியோ மற்றவரை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பம்) எப்படி நிரப்பினாய் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் ஒரே பயம். முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டது. அதைச் சொல்வதா, மறைப்பதா?

சொல்லத்தான் வேண்டும். அதோடு நிரப்பும் ஐ.எம்.எம் 5669 என்ற பின்னணி விபரப் படிவத்தில், கனடாவோ வேறு நாடோ உங்களுக்கு அகதி நிலையையோ விசாவையோ எப்போதாவது மறுத்திருக்கிறதா என்று நேராகவே கேட்கிறார்கள். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கைரேகைத் தகவலை ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன. லண்டன் மறுத்தது ஒட்டாவாவுக்குத் தெரியாது என்று சொல்லும் ஏஜென்சிக்காரர் இருபது வருடம் முந்திய உலகத்தில் இருக்கிறார்.

எனக்கு மறுப்பு இரண்டு. 2011 இல் பிரித்தானிய மாணவர் விசா. 2016 இல் அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்குப் போகக் கேட்ட கனடா வருகையாளர் விசா. அதன் பிறகுதான் எனக்குத் திருமணம் நடந்தது. மனைவி கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்.

முதல் வேலை: பழைய கோப்பைக் கையில் எடுங்கள்

புதுப் படிவத்தில் ஓர் எழுத்தும் எழுதுவதற்கு முன்பு செய்ய வேண்டியது இது. மறுப்புக் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் ஆயத்த வாசகங்கள்தான். அதிகாரி என்ன நினைத்து மறுத்தார் என்பது கணினிக் குறிப்பில் இருக்கும். அதை ஜி.சி.எம்.எஸ் குறிப்பு என்பார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு வாங்கலாம். கட்டணம் 5 டொலர். கனடாவில் இருக்கும் குடிமகனோ நிரந்தர வதிவாளரோ கேட்க வேண்டும் என்பதால் இந்த வேலையை உங்கள் துணைவரிடம் விடுங்கள். நீங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். சட்டப்படி 30 நாள் என்றாலும் இழுபடுவதுண்டு.

குறிப்போடு நின்றுவிடாமல், அன்று நீங்கள் கொடுத்த விண்ணப்பப் படிவத்தின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு உறைத்தது அங்கேதான். 2016 விண்ணப்பத்தை ஓர் ஏஜென்சிதான் நிரப்பியது. பிரதி வந்ததும் மனைவி அதைப் படமெடுத்து அனுப்பினார். 'வேறு நாட்டில் விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது. தொழில் 'முகாமையாளர்' என்று இருந்தது. நான் அப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கீழே இருந்த கையெழுத்து மட்டும் என்னுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, தட்டச்சு செய்து அனுப்புகிறோம் என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

இரண்டாவது: எந்த மறுப்பு செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பிரியுங்கள்

எல்லா மறுப்பும் ஒன்றல்ல. வருகையாளர் விசாவை மறுக்கும்போது அதிகாரி வழக்கமாக எழுதுவது, தங்கும் காலம் முடிந்ததும் இவர் திரும்பிப் போவார் என்று நம்பவில்லை என்பது. துணைவர் விண்ணப்பத்தில் உங்களை யாரும் திரும்பிப் போகச் சொல்லப்போவதில்லை. நிரந்தரமாகக் குடியேறத்தான் கேட்கிறீர்கள். ஆகவே அந்தக் காரணம் இங்கே செல்லாக்காசு. என் பிரித்தானிய மறுப்பும் அப்படியே: வங்கியில் காட்ட வேண்டிய பணத்தைத் தொடர்ந்து 28 நாள் வைத்திருக்கவில்லை. அதற்கும் என் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை. மறுப்பு உங்களைக் கடிக்காது. அந்தப் பழைய படிவத்தில் எழுதப்பட்டிருப்பது கடிக்கும்.

உயிரோடு இருக்கும் மறுப்புகள் வேறு வகை. பொய்த் தகவல் கொடுத்தார் என்று குடிவரவுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின் கீழ் தீர்மானித்திருந்தால் 5 ஆண்டுகள் தடை. அதன் தொடக்கத் திகதியைக் கடிதத்தில் பார்த்துக் கணக்கிடுங்கள். கனடாவில் இருந்து நாடு கடத்தல் கட்டளையோடு அனுப்பப்பட்டவராக இருந்தால், மீண்டும் நுழையத் தனியாக எழுத்துமூல அனுமதி வேண்டும். ஸ்பொன்சர் அதற்கு மாற்று அல்ல. படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். படகுக்கு விசா இல்லைத்தானே, அதனால் மறுப்பும் இல்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, வெளியேறச் சொன்னார்களா என்பதும் அதே படிவத்தில் கேள்விதான் தம்பி, என்றேன்.

இன்னொரு விடயம், வன்னியில் பலருக்குப் பொருந்துவது. இயக்கத்தில் இருந்தவர்கள், கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், 2009 க்குப் பிறகு புனர்வாழ்வுக்குப் போனவர்கள் இதைத் தாங்களே நிரப்பக் கூடாது. விடுதலைப் புலிகள் 2006 ஏப்ரலில் இருந்து கனடாவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள். மறைத்தால் பொய்த் தகவல். எழுதுகிற விதம் பிழைத்தால் பாதுகாப்புக் காரணத்தில் மறுப்பு. கனடாவில் உரிமம் உள்ள சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசை இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

துணைவர் விண்ணப்பமே மறுக்கப்பட்டிருந்தால்

இது கொஞ்சம் ஆழமானது. பெரும்பாலும் காரணம், திருமணம் உண்மையானதல்ல, அல்லது குடிவரவுப் பலனுக்காகவே செய்யப்பட்டது என்பது. இது குடிவரவு விதிகளின் 4 ஆம் பிரிவு. இப்போது இரண்டு வழி. ஒன்று, ஸ்பொன்சர் செய்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போவது. மறுப்புக் கிடைத்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். விண்ணப்பத்தில் இல்லாத புதிய சான்றுகளையும் அங்கே வைக்கலாம். இருவரும் சாட்சி சொல்லலாம். மற்றது, புதிதாக விண்ணப்பிப்பது. என் அபிப்பிராயம்: 30 நாள் இன்னும் கையில் இருந்தால் மேன்முறையீட்டைத் தவறவிடாதீர்கள். மறுபடி விண்ணப்பிப்பது, முதல் மறுப்புக்குப் பிறகு ஏதாவது மாறியிருந்தால்தான் பயன் தரும்: பிள்ளை பிறந்தது, அவர் வந்து இரண்டு மாதம் உங்களோடு இருந்துவிட்டுப் போனது போல. பழைய தாள்களையே புது உறையில் போட்டால் பழைய பதிலே வரும்.

மூன்றாவது: ஸ்பொன்சர் செய்பவர் தகுதியா?

சுருக்கமாகச் சொல்கிறேன். அவரும் முன்பு ஒருவரின் துணைவராக ஸ்பொன்சரில் போனவர் என்றால், நிரந்தர வதிவிடம் கிடைத்து 5 ஆண்டு முடிய வேண்டும். இயலாமைக் கொடுப்பனவு தவிர்ந்த அரச நிதியுதவி பெறக் கூடாது. துணைவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. 3 ஆண்டுக்கு உங்களைப் பராமரிக்கும் பொறுப்பை அவர் ஏற்கிறார். அவர் கனடாவுக்குப் போகும்போதே உங்களைத் திருமணம் செய்திருந்து, படிவத்தில் 'தனியாள்' என்று போட்டிருந்தால் நிறுத்துங்கள். அந்த ஓட்டையை விளக்கக் கடிதத்தால் அடைக்க முடியாது, சட்டத்தரணியிடம் போங்கள். அவர் ரொறன்ரோவில் இருக்க, இங்கே தொலைபேசியிலோ காணொளியிலோ எழுத்து (பதிவுத் திருமணம்) முடித்திருந்தாலும் செல்லாது. 2015 ஜூனில் இருந்து அத்தகைய திருமணத்தைக் கனடா ஏற்பதில்லை.

நான்காவது: ஒரே கொப்பியில் இரண்டு பேரின் திகதிகள்

80 பக்கக் கொப்பி ஒன்றை எடுங்கள். இடப்பக்கம் உங்களுடையது, வலப்பக்கம் துணைவருடையது. வேலை, முகவரி, பயணம், விசா விண்ணப்பம், எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். 10 ஆண்டு வரலாற்றில் ஒரு மாத இடைவெளியும் விடக் கூடாது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தை 'வேலை இல்லை' என்றே எழுதலாம், வெட்கம் தேவையில்லை.

உறவு விபரம் கேட்கும் ஐ.எம்.எம் 5532 படிவத்தில் முதன்முதல் எப்போது சந்தித்தீர்கள், யார் பேசிச் செய்தது, சடங்குக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் வரும். நாங்கள் முதலில் கண்டது வற்றாப்பளை அம்மன் பொங்கலில், மாமி கைகாட்டி. மனைவி அதை மே என்று எழுதினார். நான் ஜூன் என்று எழுதினேன். வைகாசி இரண்டு ஆங்கில மாதத்தில் விழுகிறது. எங்களுக்கு அது 'பொங்கல் திங்கட்கிழமை', அவ்வளவுதான். கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படத்தின் திகதியைப் பார்த்துத்தான் சரிசெய்தோம். இரண்டு வகையாகப் போயிருந்தால், ஏற்கனவே மறுப்பு உள்ள கோப்பில் அதைக் கவனமின்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

ஐந்தாவது: விளக்கக் கடிதம்

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. ஒவ்வொரு மறுப்புக்கும் ஆண்டு, நாடு, விசா வகை, காரணம், இன்றைய நிலை. அழக் கூடாது, அதிகாரியைத் திட்டவும் கூடாது. என் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

'2016 இல் கனடா வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தேன், மறுக்கப்பட்டது. அந்தப் படிவத்தை ஒரு முகவர் நிரப்பினார். 2011 இல் பிரித்தானியா எனக்கு மாணவர் விசா மறுத்ததை அதில் குறிப்பிடவில்லை; என் தொழிலும் தவறாக உள்ளது. நான் வாசிக்காமல் கையெழுத்திட்டேன்; அது என் பிழை. சரியான தகவலை இப்போது தருகிறேன். பிரித்தானிய மறுப்புக் கடிதத்தின் பிரதியும், கூட்டுறவுச் சங்கத்தின் சேவைக் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன.'

'அது என் பிழை' என்ற வரியை எடுத்துவிடு என்று பலர் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. முகவர் செய்த தவறுக்கும் விண்ணப்பதாரரே பொறுப்பு என்பதுதான் அங்குள்ள நிலைப்பாடு. முகவரைச் சாட்டிவிட்டு ஒதுங்குபவர் கடிதம் எழுதாமலே இருக்கலாம்.

ஆறாவது: சான்றுகள்

படங்கள் 20 க்கு மேல் கேட்பதில்லை. தாலி கட்டும் படங்களாலேயே இருபதையும் நிரப்பாதீர்கள். பொன்னுருக்கு, எழுத்து, நாலாம் சடங்கு, ஆட்டோவில் வைத்தியசாலைக்குப் போனது, மாமியார் வீட்டு முற்றத்தில் வெங்காயம் உரித்தது எல்லாம் வரட்டும். படத்தின் கீழ் திகதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை. உரையாடல் பதிவுகளுக்கு 10 பக்கம். ஒரே மாதத்தில் இருந்து பத்தையும் எடுக்காமல், ஆண்டு முழுவதும் பரவியிருக்கும்படி தேருங்கள்.

போரின் கடைசி நாட்களில் பிறப்புச் சான்றிதழை மாத்தளன் மணலில் விட்டுவிட்டு வந்தவர்கள், மெனிக் பாம் முகாமில் கிடைத்த துண்டுக் கடதாசியை நம்பியிராமல் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பெயர் எழுத்து ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால், ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி. தமிழ், சிங்கள ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கட்டாரில் இரண்டு வருடம் நின்றவருக்கு இலங்கைப் பொலிஸ் சான்றிதழ் மட்டும் போதாது. கட்டார் சான்றிதழும் தேவை.

ஏழாவது: அனுப்பிய பிறகு

2024 ஏப்ரல் இறுதியில் வந்த கட்டணப்படி அப்போது மொத்தம் 1,205 கனடிய டொலராக இருந்தது, கைரேகைக்கு மேலும் 85. எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும். கைரேகையும் மருத்துவப் பரிசோதனையும் அழைப்பு வந்த பிறகு. எங்களுக்கு இரண்டும் கொழும்பில்தான்.

மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், குப்பை அஞ்சல் பெட்டி உட்பட. எனக்கு நியாய நடைமுறைக் கடிதம் ஒன்று வந்தது: 2016 படிவமும் இப்போதைய படிவமும் முரண்படுகின்றன, விளக்கம் தருக என்று. அதில் ஒரு கெடு இருக்கும். கைகால் நடுங்கியது உண்மை. ஆனால் பதில் ஏற்கனவே கோப்பில் கிடந்தது. அதே கடிதத்தோடு ஒரு சத்தியக் கடதாசியும், ஏஜென்சிக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டும் சேர்த்து நான்காம் நாள் அனுப்பினோம்.

பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லும் கடிதம் வரும் வரை வேலையை விடாதீர்கள், எதையும் விற்காதீர்கள். கைரேகை கொடுத்த சந்தோசத்தில் நான் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, அதன் பிறகு ஏழு மாதம் மாமனாரின் பழைய லுமாலா சைக்கிளில் வேலைக்குப் போனேன்.