கேள்வியோடு வருகிறவர் பக்கத்தில் உட்காரும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி சின்ன ஊரில் ஒருவருக்கு விசுவாசம் ஆட்டம் கண்டால் அது முதலில் போதகருக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோப்பிக் கடையில் அவரைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். "என்னம்மா, இன்னிக்கு ஆராதனைக்கு வரலையா?" என்று கேட்பார்கள். "தலவலி அக்கா" என்று ஒரு பொய். அடுத்த வாரம் இன்னொரு பொய். அதற்கப்புறம் அவர் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டார்.

அப்படிப்பட்டவர்களோடு உட்காருவதுதான் நான் சில வருடங்களாகச் செய்துவருவது. கத்தோலிக்கர்கள் இதை ஆன்ம வழிகாட்டல் என்பார்கள், எங்கள் மெதடிஸ்ட் பக்கம் பழகிய பெயர் ஒன்றும் இல்லை, நான் உடன்பயணம் என்று சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு தரம், ஒரு மணி நேரம். அவர் பேசுவார், நான் கேட்பேன், இடையில் இரண்டு பேரும் சும்மா இருப்போம். இது பைபிள் வகுப்பும் இல்லை, பாவ அறிக்கையும் இல்லை, மனநல ஆலோசனையும் இல்லை. இந்த வேலைக்கு நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நிறைய பேர் இறங்குகிறார்கள், நானும் அப்படித்தான் இறங்கினேன். ஆனால் இதில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி நல்ல மனசால் வருபவைதான்.

முதல் தவறு, அவரைத் திருப்பிக் கூட்டிவருவதுதான் நம் வேலை என்று நினைப்பது. எம்மாவு கதை எல்லாருக்கும் தெரியும், லூக்கா 24. இயேசு சிலுவையில் இறந்த பிறகு சீஷர்கள் இரண்டு பேர் எருசலேமை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள், ஏழெட்டு மைல். நம்பினது வீணாய்ப் போயிற்று என்று புலம்பிக்கொண்டே நடக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு வந்து சேர்ந்ததும் "எங்கே போறீங்க, திரும்புங்க" என்று சொல்லவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர்கள் போகிற திசையிலேயே கூட நடக்கிறார். வேதத்தை விளக்குவதெல்லாம் அவர்கள் மனசில் இருந்ததை முழுசாகக் கொட்டிய பிறகுதான். ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் அப்பாலே போகிறவர் போலத்தான் காட்டிக்கொண்டார், அவர்கள் வருந்திக் கூப்பிட்ட பிறகுதான் வீட்டுக்குள் போனார். கூப்பிடாத வீட்டுக்குள் அவரே நுழையவில்லை. நாம் என்னடா என்றால், ஒருவர் இரண்டு வாரம் சபைக்கு வரவில்லை என்றால் மூன்று பேர் சேர்ந்து அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்.

அடுத்தது ரகசியம். இதில் நானே செய்த தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஒரு தங்கச்சிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்து மூன்று மாதம். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் எனக்கு உதவியாக வெங்காயம் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "அக்கா, ஜெபிக்க வாயத் தொறந்தா எனக்கு ஆத்திரந்தான் வருது" என்றாள். நான் நன்றாகத்தான் கேட்டேன், கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அன்று ராத்திரியே பெண்கள் ஐக்கியத்து வாட்ஸ்அப் குழுவில், "இழப்பில் இருக்கும் ஒரு சகோதரியின் விசுவாசம் பலப்பட ஜெபியுங்கள்" என்று போட்டுவிட்டேன். பெயர் போடாததே பெரிய ஜாக்கிரதை என்று நினைத்தேன். நாற்பது குடும்பம் உள்ள சபையில் அந்தச் சமயம் இழப்பில் இருந்தது யார் என்று யோசிக்க யாருக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த வாரம் இரவுச் சந்தையில் கீரை விற்கிற அம்மா அவளிடம், "கர்த்தர் இன்னொரு பிள்ள தருவாரும்மா, விசுவாசத்த மட்டும் விட்டுடாத" என்று சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. பார்த்தால் சிரிப்பாள், நலம் கேட்பாள், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன், "பரவால்லக்கா" என்றாள். அந்தப் பேச்சு மட்டும் அதற்கப்புறம் வரவே இல்லை.

ஜெபக் குறிப்பு என்கிற பெயரில் வெளியே போகிற ரகசியம் நம் ஊர்களில் கொஞ்சநஞ்சம் இல்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும், தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. அதனால் இப்போது உட்காரும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொல்வது என் வீட்டுக்காரருக்கும் போகாது, பாஸ்டருக்கும் போகாது. ஜெபிக்க வேண்டுமானால் நான் தனியாக ஜெபித்துக்கொள்கிறேன்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, உயிருக்கு ஆபத்து. "கடவுள் இருக்காரான்னு தெரியல" என்பது ஒரு விஷயம், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது வேறு விஷயம். இரண்டாவதைக் கேட்டால் உபவாச ஜெபம் ஏற்பாடு செய்துகொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், பிசாசு, சாபம் என்று ஆரம்பிக்காதீர்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கென்றே இருக்கிற பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆபத்து கிட்டத்தில் இருந்தால் அவசர எண் 999, அல்லது நேராக ஆஸ்பத்திரி, நீங்களும் கூடப் போங்கள். வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது, அந்தப் பயத்தில் யாரும் மூடி மறைக்க வேண்டியதில்லை.

அப்புறம் பதில் சொல்கிற வியாதி. "எல்லாம் நன்மைக்கே", "கர்த்தருடைய சித்தம்", "உங்களுக்கு விசுவாசம் கொறஞ்சிருச்சு". பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்களைப் போல நல்ல துணை யாரும் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டதும் அவர்களைத்தான், கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். சங்கீதம் 88ஐப் படித்துப் பாருங்கள், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இருட்டுதான், கடைசி வரியில்கூட விடியவில்லை, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல், அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகளாகக் கடவுள் தன்னோடு இருக்கிற உணர்வே இல்லாமல் அவர் வாழ்ந்தது தெரிந்தது. அவருக்கே அப்படி என்றால், நம் சபையில் ஒருவர் அதைச் சொன்னதும் பின்வாங்கிப்போனவர் என்று எப்படி முத்திரை குத்துகிறோம்?

இன்னொரு தவறு, ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது. இதை நான் தராசை வைத்துத்தான் யோசிக்கிறேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் நிறுக்கிற இடத்தில் எல்லார் கண்ணும் தராசு முள்ளில்தான் இருக்கும் என்பார், அது ஒரு மயிரிழை சாய்ந்தாலும் வீட்டில் அரிசி குறையும். பதினாறாம் நூற்றாண்டில், கத்தோலிக்கத் துறவிகளின் இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா தியானப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு எழுதிய குறிப்புகளிலும் இதே தராசுதான் வருகிறது: எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நில், படைத்தவரும் அந்த ஆளும் நேராகப் பேசிக்கொள்ளட்டும். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

நம் விரல் தராசில் எங்கெல்லாம் படுகிறது என்று பார்த்தால் தெரியும். தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு தம்பி வருகிறான், அவன் கேட்பது "கடவுளுக்கு என்னப் புடிக்குமா" என்பது, நாம் அதற்கு முன்னாலேயே "நீ மொதல்ல மாறணும்" என்று எடைக்கல்லைப் போட்டுவிடுகிறோம். விவாகரத்தான அக்கா வந்தால் தப்பு யார் பக்கம் என்று மனசுக்குள் விசாரணை நடத்துகிறோம். இந்துக் குடும்பத்தில் கட்டிக்கொண்ட பெண் மாமியாரோடு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்ததைச் சொன்னால் முகம் மாறுகிறது. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிற கத்தோலிக்கர்களின் புனித அன்னாள் கோயில் திருவிழாவுக்கு ஜூலையில் இந்துக்களும் மெழுகுவத்தியோடு வருவதைப் பெருமையாகச் சொல்லும் அதே வாயால்தான் இந்தப் பெண்ணைக் கண்டிக்கிறோம். யாரையும் உள்ளே விடுவதற்கு முன்னால் சோதிக்காதீர்கள். உங்கள் நம்பிக்கையை மறைக்கவும் வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது அவருடையதைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று: அவருடைய பதவி உங்கள் கையில் இருந்தால் இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடகர் குழுவில் யார் நிற்கலாம், ஞாயிறு பள்ளியில் யார் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறவரிடம் எவரும் மனசைத் திறக்கமாட்டார், திறந்தாலும் பாதிதான். வேறு சபை ஆளிடம், பக்கத்து ஊர் ஃபாதரிடம் அனுப்பிவையுங்கள். உங்களுக்கும் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஈப்போவில் ஒரு கன்னியாஸ்திரி, ஒரு சிஸ்டர் இருக்கிறார்கள். நான் எங்கே சாய்கிறேன் என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது நான் பார்க்கப் போகிறவர்களில் ஓர் ஐயா, எழுபது தாண்டியவர், மனைவி போன வருடம் தவறிவிட்டார். முதல் மூன்று தடவையும் செம்பனை விலை, முட்டி வலி, பேரப்பிள்ளை படிப்பு என்றே ஒரு மணி நேரமும் போனது. நாலாவது தடவை நல்ல மழை, தகரக் கூரையில் சத்தம் காதை அடைத்தது, இரண்டு பேரும் அஞ்சடியில், வீட்டு முன்திண்ணையில், சும்மா உட்கார்ந்திருந்தோம். மழை விட்டதும் அவர் சொன்னார், "சாமி இல்லேன்னு நான் சொல்லலம்மா. கூப்ட்டா பேசமாட்டேங்கறாருன்னுதான் சொல்றேன்." எனக்கு நாலு வசனம் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதை இரண்டு பேரும் குடித்தோம். கிளம்பும்போது, "அடுத்த மாசமும் வருவீங்கல்ல?" என்றார். வருவேன் ஐயா என்றேன். அவர் இன்னும் சபைக்கு வரவில்லை, நானும் கேட்டதில்லை.